எதைச் சூடாக்குவது? கடுங்குளிரில் கார் கிளப்ப நூறாண்டாகச் சொல்லப்படும் விடைகள்

கனடாவின் வினிப்பெக் நகரில் ஜனவரி இரவுகளின் சராசரிக் குறைந்தபட்ச வெப்பநிலை மைனஸ் 21 டிகிரி செல்சியஸை ஒட்டியிருக்கும். சைபீரியாவின் யாகுட்ஸ்கில் அது மைனஸ் 40ஐ ஒட்டிவிடும். இந்தக் குளிரில் இரவு முழுக்க வெட்டவெளியில் நின்ற காரைக் காலையில் கிளப்புவது எப்படி என்ற கேள்விக்கு ஏறக்குறைய காரின் வயதே ஆகிறது. வெந்நீர், நெருப்பு, மின்சாரம், எரிபொருளில் எரியும் தனி அடுப்பு, குளிரில் தடிக்காத ஆயில் என்று விடைகள் வந்தபடியே இருக்கின்றன. ஒவ்வொரு விடையும் அது பிறந்த ஊருக்குப் பெரும்பாலும் பொருந்தியது. ஒரு ஊரின் விடையை இன்னொரு ஊர் அப்படியே எடுத்துக்கொண்டபோதுதான் குழப்பம் வந்தது.

ஹீட்டர் வாங்கப் போகிறவர் கடையில் முதலில் பார்ப்பது வாட் எண்ணை. அதற்கு முன்னால் கேட்க வேண்டியவை இரண்டு. எஞ்சினின் எந்தப் பகுதிக்குச் சூடு தேவை? கார் இரவில் நிற்கும் இடத்தில் மின் இணைப்பு இருக்கிறதா? இதுவரை வந்த விடைகளை இந்த இரண்டு கேள்விகளையும் கையில் வைத்துக்கொண்டு பார்த்தால், எது எங்கே செல்லும், எங்கே செல்லாது என்பது ஓரளவு தெளிவாகும்.

குளிர் எங்கே பிடிக்கிறது

குளிர் மூன்று இடங்களில் பிடிக்கிறது. முதலாவது ஆயில். குளிரக் குளிர அது தடித்துப்போவதால் கிராங்க் தண்டைச் சுழற்ற ஸ்டார்ட்டர் மோட்டார் திணறுகிறது. எஞ்சின் எப்படியோ எடுத்துக்கொண்டாலும், பம்பு அந்தத் தடித்த ஆயிலை உறிஞ்சி மேலே அனுப்பும்வரை பேரிங்குகளும் கேம் தண்டும் போதிய மசகின்றி ஓடுகின்றன. இரண்டாவது பேட்டரி. ஈய-அமில பேட்டரி 27 டிகிரியில் தரும் திறனில் ஏறக்குறைய பாதியைத்தான் மைனஸ் 18 டிகிரியில் தருகிறது. எஞ்சின் அதிகமாகக் கேட்கும் நேரம் பார்த்துப் பேட்டரியின் கை சுருங்கிவிடுகிறது. மூன்றாவது எரிபொருள். பெட்ரோல் சரியாக ஆவியாகாமல் சிலிண்டர் சுவரில் திவலைகளாக ஒட்டுகிறது. டீசல் எஞ்சினில் அழுத்தத்தால் காற்றுக்கு ஏறும் சூட்டைக் குளிர்ந்த உலோகம் இழுத்துக்கொள்வதால் பற்றுவது தவறுகிறது.

டீசலுக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. அதிலுள்ள மெழுகு குளிரில் திரண்டு ஃபில்டரை அடைத்துவிடும். எஞ்சின் ஹீட்டர் எவ்வளவு பெரிதானாலும் டாங்கில் இறுகிப்போன டீசலை இளக்காது. லடாக்கில் ஓட்டுநர்கள் டீசலில் மண்ணெண்ணெய் கலந்து சமாளித்து வந்தார்கள். 2019 நவம்பரில் இந்தியன் ஆயில் நிறுவனம் மைனஸ் 33 டிகிரிவரை ஓட்டம் இழக்காத குளிர்கால டீசலை அங்கே விற்பனைக்குக் கொண்டுவந்தது. அந்தச் சிக்கலை எரிபொருளில்தான் தீர்க்க முடியும். ஹீட்டர் வாங்கியும் வண்டி கிளம்பவில்லை என்று வருந்துகிற டீசல்காரர் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

எந்த ஹீட்டரும் ஆயில், பேட்டரி, எரிபொருள் மூன்றையும் ஒரே அளவில் கவனிப்பதில்லை. கருத்துகள் பிரிவது இங்கேதான்.

நெருப்பும் வெந்நீரும்

எஞ்சினைக் குளிர்விக்கும் உறையாத திரவமான கூலன்ட் பரவலாகும் முன் ரேடியேட்டரில் இருந்தது வெறும் தண்ணீர். அது உறைந்து விரிந்தால் எஞ்சினே வெடிக்கும் என்பதால் ராத்திரி அதை வடித்துவிட்டு, காலையில் வெந்நீர் ஊற்றிக் கிளப்புவது குளிர்நாட்டு வழக்கமாக இருந்தது. 1920களில் அலாஸ்காவின் விமானிகள் இன்னொரு வழியைக் கையாண்டார்கள். தரையிறங்கியதும் எஞ்சின் ஆயிலைச் சூடாக இருக்கும்போதே ஒரு டின்னில் வடித்து, தங்கும் குடிசைக்குள் அடுப்பருகே வைத்துக்கொள்வார்கள். காலையில் எஞ்சின்மேல் கனத்த கித்தான் துணியைப் போர்த்தி, அதனடியில் நெருப்புச் சட்டி வைத்துச் சூடேற்றி, காய்ச்சிய ஆயிலைத் திரும்ப ஊற்றுவார்கள். துணி பற்றிக்கொண்டால் விமானமே போய்விடும் என்பதால் ஒருவர் விலகாமல் காவல் இருக்க வேண்டும்.

1941 குளிர்காலத்தில் மாஸ்கோவை நெருங்கிய ஜெர்மானியப் படை வண்டிகளின் அடியில் நெருப்பு மூட்ட வேண்டிய நிலைக்கு வந்தது. பிறகு வந்த டைகர், பேந்தர் டாங்கிகளில், ஓடிக்கொண்டிருக்கும் ஒரு டாங்கியின் சூடான கூலன்ட்டைக் குழாய் வழியே குளிர்ந்து கிடக்கும் இன்னொன்றுக்கு அனுப்ப ஏற்பாடு இருந்தது. விமானங்களில் எஞ்சினை நிறுத்தும் முன் ஆயிலில் கொஞ்சம் பெட்ரோல் கலந்து நீர்க்கச் செய்யும் முறையும் அந்தப் போர்க்காலத்தில் புழங்கியது. எஞ்சின் சூடானதும் பெட்ரோல் ஆவியாகிப் போய்விடும்.

வெந்நீர் ஊற்றியவர்கள் சிலிண்டரைச் சூடாக்க நினைத்தார்கள். ஆயிலை அடுப்பருகே வைத்தவர்கள் மசகைக் காப்பாற்ற நினைத்தார்கள். இன்று கடையில் கிடைக்கும் ஹீட்டர்களும் பெரும்பாலும் இந்த இரண்டு கிளைகளில் ஒன்றைச் சேர்ந்தவையே.

கூலன்ட்டைச் சூடாக்கும் கட்சி

அமெரிக்காவின் வடக்கு டகோட்டா மாநிலத்தைச் சேர்ந்த ஆண்ட்ரூ ஃப்ரீமன் மின்சார எஞ்சின் ஹீட்டருக்கான காப்புரிமையை 1949இல் பெற்றார். எஞ்சின் தலைப்பகுதியை இறுக்கும் போல்ட்டுகளில் ஒன்றைக் கழற்றிவிட்டு, உள்ளே மின்கம்பி பொருத்திய உள்ளீடற்ற போல்ட் ஒன்றை அந்த இடத்தில் முடுக்குவது அவருடைய முறை. ஃப்ரீமன் கிராமப்புறங்களுக்கு மின்சாரம் கொடுக்கும் கூட்டுறவு ஒன்றின் மேலாளர் என்பதைக் கவனிக்க வேண்டும். பண்ணை வீடுகளுக்கு மின்கம்பி போய்ச் சேர்ந்த காலமும் இந்த ஹீட்டர் பரவிய காலமும் ஒன்றுதான். மின்சாரம் முற்றத்துக்கு வராத ஊரில் இந்த விடை பிறந்திருக்கவே முடியாது.

அடுத்து வந்தது இன்றுவரை நிலைத்திருக்கும் வடிவம். வார்ப்பு இரும்பு எஞ்சினின் பக்கவாட்டில், வார்ப்பின்போது விடப்பட்ட துளைகளை அடைக்கும் வட்ட உலோக மூடிகள் இருக்கும். மெக்கானிக் கூலன்ட்டை வடித்து, அந்த மூடிகளில் ஒன்றைத் தட்டிப் பெயர்த்து, துளையின் விளிம்பை மண்ணும் துருவும் இல்லாமல் சுரண்டுவார். பிறகு மின்கம்பிச் சுருளை உள்ளே நுழைத்து, அது உட்சுவரில் எங்கும் உரசாதபடி திருப்பிப் பார்த்து, திருகை முடுக்குவார். கூலன்ட்டைத் திரும்ப ஊற்றிக் காற்றுக்குமிழியை வெளியேற்றிய பிறகே மின்சாரம் கொடுக்க வேண்டும். வாளியில் வெந்நீர் போடும் வாட்டர் ஹீட்டர் கம்பியைப் போலத்தான் இதுவும்: தண்ணீருக்கு வெளியே எரிந்தால் கருகிவிடும். வயரை மின்விசிறியிலும் புகைக்குழாயிலும் படாமல் கட்டி முன்பக்கக் கிரில் வழியே வெளியே விடுவார்கள். கனடாவின் புல்வெளி மாகாணங்களில் கார்களின் முகப்பில் பிளக் தொங்குவதும், அலுவலகக் கார் நிறுத்தங்களில் இடத்துக்கு இடம் மின் இணைப்பு இருப்பதும் இப்படி வந்தவை.

இந்தக் கட்சியின் வாதம் வலுவானது. கூலன்ட் சூடானால் அது சூழ்ந்திருக்கும் சிலிண்டர் சுவர்கள் சூடாகின்றன, எரிபொருள் நன்றாக ஆவியாகிறது, எஞ்சின் முதல் சில சுழற்சிகளிலேயே எடுத்துக்கொள்கிறது. காருக்குள் சூடான காற்றும் சீக்கிரம் வருகிறது. கிளம்பிய முதல் சில நிமிடங்களில் வெளிவரும் கார்பன் மோனாக்சைடும் எரியாத பெட்ரோலும் குறைகின்றன. அலாஸ்காவின் ஃபேர்பேங்க்ஸ் நகரில் குளிர்காலக் காற்று மேலெழும்பாமல் தேங்கி நிற்பதால் கார்பன் மோனாக்சைடு பெரும் தொல்லையாக இருந்தது. கார்களை மின் இணைப்பில் போட்டுவைக்கச் செய்வது அங்கே காற்றுத் தூய்மைத் திட்டத்தின் ஒரு பகுதியாகவே ஆனது. தனிமனிதர் வசதியாகத் தொடங்கியது பொதுநலக் காரியமானதற்கு இது நல்ல உதாரணம்.

குறைகளும் உண்டு. கூலன்ட்டின் சூடு அடியில் கிடக்கும் ஆயிலுக்கு மெதுவாகவும் அரைகுறையாகவுமே இறங்குகிறது. அலுமினிய எஞ்சின்கள் பலவற்றில் அந்த மூடிகளே இல்லை, அல்லது கை எட்டாத இடத்தில் இருக்கின்றன. அப்படிப்பட்ட எஞ்சின்களுக்காக நார்வேயின் டெஃபா, ஸ்வீடனின் கேலிக்ஸ் போன்ற நிறுவனங்கள் எஞ்சின் உலோகத்தின் வெளிப்புறத்தில் அழுத்திப் பொருத்தும் ஹீட்டர்களைச் செய்கின்றன. இவற்றுக்குக் கூலன்ட்டை வடிக்க வேண்டியதில்லை. ஆனால் உலோகத்தோடு முழுமையாக ஒட்டவில்லை என்றால் சூடு காற்றில் போய்விடும். ரேடியேட்டரின் கீழ்க்குழாயை வெட்டி நடுவில் செருகும் வகை மலிவானது. எஞ்சினைவிடத் தாழ்வான இடத்தில், சூடான கூலன்ட் தானாக மேலேறும்படி பொருத்தினால்தான் அது வேலை செய்யும். பம்பு வைத்துச் சுற்றவிடும் வகை பெரிய டீசல் லாரிகளுக்கும் ஜெனரேட்டர்களுக்கும் ஏற்றது. சாதாரணக் காருக்கு அவ்வளவு தேவைப்படுவதில்லை.

ஆயிலைச் சூடாக்கும் கட்சி

அலாஸ்கா விமானிகளின் வாரிசுகள் இவர்கள். எஞ்சினின் அடியில் ஆயில் தேங்கும் ஆயில் பேனின் கீழே ஒட்டும் சிலிகோன் பேட், ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக் துளையில் நுழைக்கும் கம்பி, காந்தத்தால் பிடித்துக்கொள்ளும் ஹீட்டர் என்று மூன்று வகைகள் முக்கியமானவை. நூறு முதல் இருநூற்றைம்பது வாட் பேட் பெரும்பாலான கார்களுக்குப் போதும். எஞ்சினைத் திறக்காமல், கூலன்ட்டைத் தொடாமல் பொருத்தலாம் என்பதுதான் இந்தக் கட்சியின் பெரிய பலம். ஆயில் இளகினால் ஸ்டார்ட்டரின் சுமை குறையும், மசகு சீக்கிரம் மேலே போகும் என்கிற வாதத்திலும் தவறில்லை.

மூன்றில் பேட் மட்டுமே நம்பகமானது என்பது என் கணிப்பு. டிப்ஸ்டிக் கம்பியின் பரப்பு மிகச் சிறியது. அதைத் தொட்டிருக்கும் கொஞ்சம் ஆயில் அளவுக்கு மீறிச் சூடாகும்போது மற்றது குளிர்ந்தே கிடக்கும். காந்த ஹீட்டர் இரும்புப் பேனில்தான் ஒட்டும். இப்போதைய கார்களில் பல அலுமினியப் பேனோடும் சில பிளாஸ்டிக் பேனோடும் வருகின்றன. பேட்டை ஒட்டுவதற்கும் பொறுமை வேண்டும். பேனின் அழுக்கையும் பழைய ஆயில் கசிவையும் நன்றாகத் துடைத்து, விளிம்புகளைச் சுற்றி ஒட்டுப்பசையால் அடைக்காவிட்டால் சாலை உப்பும் பனிச்சேறும் உள்ளே புகுந்து ஒரே குளிர்காலத்தில் பிரித்துவிடும்.

எஞ்சின் தேய்மானத்தில் பெரும்பகுதி குளிரில் கிளப்பும் நேரத்தில்தான் நடக்கிறது என்று இந்தக் கட்சியின் விளம்பரங்கள் பெரிய சதவீதங்களைச் சொல்வதுண்டு. குளிர்ந்த எஞ்சின் அதிகம் தேய்கிறது என்பதை மறுப்பதற்கில்லை. எந்த எஞ்சின், எந்த ஆயில், எத்தனை டிகிரி என்று சொல்லாத சதவீதத்தை மட்டும் நம்பிப் பணம் போடுவது சரியல்ல.

எத்தனை மணி நேரம்?

வாட் எண்ணைவிட அதிகம் தவறாகக் கணிக்கப்படுவது நேரம்தான். நடுத்தரக் கார் எஞ்சின் ஒன்று, அதிலுள்ள கூலன்ட், ஆயில் எல்லாவற்றையும் சேர்த்து ஒரு டிகிரி சூடேற்ற ஏறக்குறைய 100 கிலோஜூல் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 400 வாட் ஹீட்டர் இரண்டு மணி நேரத்தில் 2,880 கிலோஜூல் கொடுக்கும். இழப்பே இல்லையென்றால் 28 டிகிரிக்கு மேல் ஏறும். காற்றில் போகும் சூட்டைக் கழித்தால் 20 டிகிரியை ஒட்டி நிற்கலாம். மைனஸ் 25இல் கிடந்த எஞ்சினுக்கு இது போதுமான உதவி. எஞ்சின் சூடாக ஆக அது இழக்கும் சூடும் கூடும். சில மணி நேரத்தில் வருவதும் போவதும் சமமாகி, அதற்குமேல் ஹீட்டர் எரிவதெல்லாம் வெளிக்காற்றுக்குத்தான்.

ராத்திரி பத்து மணி நேரம் போட்டுவைத்தால் 4 யூனிட். இரண்டு மணி நேரம் போட்டால் 0.8 யூனிட். காலையில் கிடைக்கும் பலனில் அவ்வளவு வித்தியாசம் இருக்காது. கனடாவின் இயற்கை வளத் துறை டைமர் வைத்துக் கிளம்புவதற்கு இரண்டு மணி நேரம் முன்னால் போட்டால் போதும் என்கிறது. பின்லாந்தின் எரிசக்திச் சிக்கன நிறுவனமான மோட்டிவா பூஜ்யத்தை ஒட்டிய குளிருக்கு அரை மணி நேரமும், மைனஸ் 20க்குக் கீழே இரண்டு மூன்று மணி நேரமும் சொல்கிறது. இரண்டு நாடுகளும் தனித்தனியே ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்திருப்பதால் இதை ஓரளவு உறுதியான முடிவாக எடுத்துக்கொள்ளலாம். நார்டிக் நாடுகளின் ஹீட்டர்த் தொகுப்புகளில் டைமர், பேட்டரி சார்ஜர், காருக்குள் வைக்கும் சிறு ஹீட்டர் மூன்றும் ஒரே வயரில் வருகின்றன. பேட்டரி, சிலிண்டர், கண்ணாடிப் பனி மூன்றையும் ஒன்றாகக் கவனிக்கும் இந்த ஏற்பாடு, 400 வாட்டா 1,000 வாட்டா என்ற விவாதத்தைவிட முன்னேறிய சிந்தனை.

வயர் எட்டாதவர்களின் வழி

அடுக்குமாடியின் தெருவோரத்தில் கார் நிறுத்துபவருக்கு மேலே சொன்ன எதுவும் உதவாது. ஜெர்மனியின் வெபாஸ்டோ, எபர்ஸ்பேஷர் நிறுவனங்களின் விடை காரின் டாங்கிலிருந்தே பெட்ரோல் அல்லது டீசல் எடுத்து எரிக்கும் சிறு அடுப்பு. நான்கு, ஐந்து கிலோவாட் சூடு தருவதால் அரை மணி நேரத்தில் எஞ்சினும் உள்ளறையும் சூடாகிவிடும். மணிக்கு அரை லிட்டரை ஒட்டி எரிபொருள் செலவாகும். பலன் அளவில் இதற்கு ஈடு இல்லை. விலையும் பொருத்தும் கூலியும் மின்சார ஹீட்டரைப் போலப் பல மடங்கு. அதன் பம்பும் விசிறியும் பேட்டரியில் ஓடுவதால், எவ்வளவு நேரம் சூடாக்கினோமோ அவ்வளவு நேரமாவது வண்டி ஓட வேண்டும். தினமும் பத்து நிமிடம் மட்டுமே ஓட்டுகிறவரின் பேட்டரியை இது காலி செய்துவிடும்.

யாகுட்ஸ்கில் பலர் பகல் முழுக்க எஞ்சினை நிறுத்துவதே இல்லை. காரை மொத்தமாகக் கனத்த போர்வையால் மூடுகிறார்கள், அல்லது வெப்பநிலை ஒரு அளவுக்குக் கீழே போனதும் எஞ்சின் தானே கிளம்பும் கருவியைப் பொருத்துகிறார்கள். மைனஸ் 45இல் இதைக் குறை சொல்ல யாருக்கும் உரிமையில்லை. மைனஸ் 10இல் அரை மணி நேரம் எஞ்சினை ஓடவிடுவது வேறு விஷயம். சும்மா ஓடும் எஞ்சின் மெதுவாகத்தான் சூடாகிறது, எரியாத பெட்ரோல் ஆயிலில் கலக்கிறது, காற்றும் கெடுகிறது. மூடிய கராஜில் அது உயிரையே வாங்கும். கிளப்பி அரை நிமிடத்தில் மெதுவாக ஓட்டத் தொடங்குவது இன்றைய எஞ்சின்களுக்கு நல்லது என்பதில் இப்போது பெரிய கருத்து வேறுபாடு இல்லை.

டொயோட்டா இன்னொரு வழியைச் சோதித்தது. 2004ஆம் ஆண்டு மாடலாக வட அமெரிக்காவுக்கு வந்த பிரியஸில் சூடான கூலன்ட்டை ஃபிளாஸ்க்கில் மூன்று நாள்வரை சேமித்து, அடுத்த முறை கிளம்பும் முன் எஞ்சினுக்குள் செலுத்தினார்கள். நல்ல யோசனை. அடுத்த தலைமுறை பிரியஸில் அதைக் கைவிட்டு, புகையின் சூட்டைப் பயன்படுத்தும் முறைக்கு மாறினார்கள்.

ஹீட்டரே வேண்டாம் என்பவர்கள்

இந்தக் கட்சி கடந்த ஐம்பது ஆண்டுகளில் வளர்ந்தது. கார்புரேட்டர் போய் எரிபொருளை அளந்து தெளிக்கும் முறை வந்தது. 1970களிலிருந்து சிந்தெடிக் ஆயில் கடைக்கு வந்தது. ஆயில் டப்பாவில் உள்ள எண்ணே இவர்களுடைய ஆதாரம். 0டபிள்யூ ஆயில் மைனஸ் 35 டிகிரியில் எஞ்சின் சுழலுமா என்றும், மைனஸ் 40இல் பம்பில் ஏறுமா என்றும் சோதிக்கப்படுகிறது. 5டபிள்யூவுக்கு இந்த அளவுகள் மைனஸ் 30, மைனஸ் 35. 15டபிள்யூ மைனஸ் 20இலேயே எல்லையைத் தொட்டுவிடும். சரியான ஆயிலும் ஆரோக்கியமான பேட்டரியும் இருந்தால் மைனஸ் 20வரை பெட்ரோல் கார் ஹீட்டர் இல்லாமல் கிளம்பும் என்பது நியாயமான வாதம். தமிழர்கள் அதிகம் வாழும் டொரன்டோவில் ஜனவரி இரவுகளின் சராசரிக் குறைந்தபட்சம் மைனஸ் 7க்கும் 10க்கும் இடையில்தான். அங்கே ஹீட்டருக்கு முன்னால் ஆயில், பேட்டரிக்குச் செலவழிப்பதே மேல். எட்மன்டனுக்கோ வினிப்பெக்குக்கோ வேலை மாறிப் போகிறவர் டொரன்டோ நண்பரின் யோசனையை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது.

இந்தக் கட்சியின் ஓட்டை ஒன்றுண்டு. கிளம்புகிறதா என்ற கேள்விக்கு மட்டுமே அது விடை சொல்கிறது. கிளம்பிய பிறகு எரியும் கூடுதல் பெட்ரோல், வெளிவரும் புகை, குளிர்ந்த எஞ்சினோடு முடிந்துவிடும் குறும்பயணங்கள் பற்றி அது பேசுவதில்லை. மைனஸ் 20இல் ஹீட்டர் மொத்த எரிபொருள் சிக்கனத்தை 10 சதவீதம்வரை கூட்டலாம் என்று கனடா அரசு சொல்கிறது. அது குறும்பயணம் அதிகம் உள்ளவருக்கு நெருங்கக்கூடிய மேல் எல்லை. நெடுஞ்சாலையில் இரண்டு மணி நேரம் ஓட்டுபவருக்கு அந்தச் சேமிப்பு கரைந்துவிடும்.

இன்னும் முடிவாகாதவை

மின் இணைப்பு உள்ளவருக்கு டைமரோடு கூடிய கூலன்ட் ஹீட்டரும், அதைப் பொருத்த முடியாத எஞ்சினுக்கு ஆயில் பேட்டும், இணைப்பே இல்லாத கடுங்குளிர் ஊரில் எரிபொருள் அடுப்பும் என்ற வரிசையை மாற்றும் அளவுக்கு வலுவான எதிர்வாதம் இப்போது இல்லை. தேய்மானக் கணக்கு அப்படியில்லை. புதிய மெல்லிய ஆயில்களோடு ஓடும் எஞ்சினில் ஹீட்டர் எத்தனை கிலோமீட்டர் ஆயுளைக் கூட்டும் என்பதற்குப் பொதுவான விடை கிடையாது. எந்த வெப்பநிலையிலிருந்து ஹீட்டர் போட வேண்டும் என்பதிலும் இழுபறி இருக்கிறது. காற்றின் தரத்தைப் பார்க்கும் நார்டிக் நாட்டவர் பூஜ்யத்தை ஒட்டியே தொடங்கச் சொல்கிறார்கள். கிளம்பினால் போதும் என்பவர்கள் மைனஸ் 15, 20 என்கிறார்கள். மின்சாரம் நிலக்கரியிலிருந்து வருகிறதா அணையிலிருந்து வருகிறதா என்பதைப் பொறுத்து இந்த எல்லை ஊருக்கு ஊர் மாறக்கூடும்.

மின்சாரக் கார்கள் கேள்வியையே மாற்றிக்கொண்டிருக்கின்றன. நார்வேயில் 2024இல் விற்ற புதிய கார்களில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது முழு மின்சாரக் கார்கள். அவற்றுக்கு எஞ்சின் ஹீட்டர் தேவையில்லை, ஆனால் கிளம்பும் முன் பேட்டரியையும் உள்ளறையையும் சூடாக்க இரவில் நிற்கும் இடத்தில் மின் இணைப்பு தேவை. ஹீட்டருக்காகப் போட்ட பழைய இணைப்புகள் எல்லாமே இதற்கு உதவும் என்று சொல்ல முடியாது. கனடாவின் பல கார் நிறுத்தங்களில் மின்சாரம் விட்டு விட்டு வருகிறது. ஹீட்டருக்கு அது போதும், காரைச் சார்ஜ் செய்யப் போதாது.

குளிர்நாட்டில் குடியேறி இந்த ஆண்டு ஹீட்டர் வாங்க நினைத்தால், கடைக்குப் போகும் முன் கட்டட நிர்வாகத்திடம் தனி பிரேக்கருடன் கூடிய வெளிப்புற மின் இணைப்பு ஒன்றை எழுத்தில் கேளுங்கள். 120 வோல்ட், 15 ஆம்பியர் இணைப்பு இன்று 400 வாட் ஹீட்டரை ஓட்டும். நாளை மின்சாரக் கார் வாங்கினால் அதே இணைப்பு பத்து மணி நேரத்தில் ஏறக்குறைய 14 யூனிட் கொடுக்கும்.